ஹயாத்து முகம்மது செய்து வைத்த சமாதானங்கள்

புத்தளத்துத் தில்லையடியில் "ஹாஜியார்" என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். "சமாதான ஹாஜியார்" என்றால் ஒருவர்தான் திரும்புவார். குழாய், சீமெந்து, கூரைத் தகடு விற்கும் ஹயாத்து முகம்மது. அவர் கடையின் முன்பக்கத்தில் வியாபாரம். பின்பக்கத்தில் சில பிளாஸ்டிக் கதிரைகள். வேலித் தகராறு, மருமகள் தகராறு, பள்ளிவாசல் ஒலிபெருக்கித் தகராறு என்று எல்லாம் அந்தக் கதிரைகளில் வந்து உட்கார்ந்து, குரல் தணிந்து, கை கொடுத்துவிட்டு எழுந்து போகும்.

நான் அந்த வீட்டுக்குப் போனது அவருடைய மனைவி நஃபீஸாவுக்காக. கைநடுக்க நோய் உள்ளவர், குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நோயாளியைத் தூக்கவும் புரட்டவும் கழுவவும் முறையாகப் படித்த ஒருத்தி வேண்டுமென்று தேடி என்னை வைத்தார்கள். வயதில் மூத்தவள் என்பதால் இருவருக்கும் நான் ராத்தா, மூத்த சகோதரி இடம். நஃபீஸாவுக்கு உடம்புதான் படுத்திருந்தது. வாய் படுக்கவில்லை.

ஹயாத்து முகம்மது மன்னார்க் கரையோர ஊரொன்றில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர்கள் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது புதுமாப்பிள்ளை. வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து, ஓலைக் கொட்டில் முகாமில் வருடக்கணக்காக இருந்தார். முதல் சமாதானத்தை அங்கேதான் செய்து வைத்தார். முகாம்காரப் பெண்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் கிணற்றடியில் சண்டை வந்து ஒருத்தியின் தலையில் வாளி இறங்கியது. பொலிசுக்குப் போனால் கெடப்போவது முகாம்காரர்தான், வந்த ஊரில் நிற்க இடம் வேண்டும். இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் கூட்டிவந்து உட்காரவைத்தார். யார் பிழை என்ற பேச்சை எடுக்கவே விடவில்லை. இனி எப்படி என்பதை மட்டும் பேசவைத்தார். சண்டை அடங்கியது. அன்று கற்றதை அவர் பிறகு மாற்றிக்கொள்ளவே இல்லை.

அகதியாக வந்து பிழைக்கிறவர்களுக்கு அது நல்ல முறைதான். அதைக் கொண்டுபோய் எங்கே பொருத்தினார் என்பதில்தான் கோளாறு.

பொலிஸ்காரர்களுக்கு எதிரான முறைப்பாடுகளைப் பார்க்கும் மேற்பார்வைச் சபை ஒன்று கொழும்பில் இருந்தது. மாவட்டத்துக்கு ஒரு பொதுமகனை அங்கத்தவராகச் சேர்க்க அவர்கள் முடிவெடுத்தபோது, புத்தளத்திலிருந்து இவர் பெயர் போனது. வேறு யார் பெயர் போகும்? அங்கத்தவரின் வேலை முறைப்பாட்டாளரைச் சந்தித்துக் கதையைக் கேட்பதும் சபைக்கு அறிவிப்பதும். இரு தரப்பும் இணங்கினால் முறைப்பாட்டை மூடலாம் என்று ஒரு விதியும் இருந்தது. எப்படி இணங்கினார்கள், யார் முன்னிலையில், எந்த இடத்தில் என்று கேட்க விதி இல்லை. மூடியாயிற்றா என்று மட்டும் கேட்டார்கள்.

கடைக்குப் பின்னால் செய்ததையே இவர் அங்கேயும் செய்தார். அடித்த பொலிஸ்காரரைச் சாதாரண உடுப்பில் அடிபட்டவன் வீட்டுக்கே கூட்டிப் போவார். வழியில் பிஸ்கட் பெட்டி வாங்கச் சொல்வார். அஸர் தொழுகைக்குப் பின், வீட்டார் எல்லாரும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போவார். தேநீர் வரும். இருவர் கையையும் தன் கையால் எடுத்துச் சேர்த்து வைப்பார். முஸாபஹா என்னும் அந்தக் கைகுலுக்கல் முடிந்தால் முறைப்பாடும் முடிந்தது. புத்தளம் நல்ல மாவட்டம், தலைவலி இல்லாத மாவட்டம் என்று கொழும்பில் பெயர் வாங்கியது.

இதில் ஒன்றுதான் ரிஃபாஸின் சமாதானம்.

ரிஃபாஸ் ஓட்டோ ஓட்டி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஊருக்கு வெளியே ஒரு காவலரணில் பொலிஸ் சார்ஜன் ஒருவர் நிறுத்தச் சொன்னபோது, கொஞ்சம் தள்ளிப்போய் நிறுத்தினான். அந்தக் குற்றத்துக்காக உள்ளங்கையை விரித்து இடது காதோடு சேர்த்து ஓர் அறை. காதின் ஜவ்வு கிழிந்து இரத்தம் வந்தது. அவன் சபைக்கு முறையிட்டான். ஹயாத்து முகம்மது அதை ஒரு வெள்ளிக்கிழமை முடித்து வைத்தார்.

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது நான் நஃபீஸாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"முடிஞ்சி நஃபீஸா. ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சிட்டாங்க. சார்ஜனுக்குக் கண்ணே கலங்கிட்டு."

"காது?" என்றார் நஃபீஸா.

"என்ன காது?"

"ரிஃபாஸ்ட காது. சார்ஜன்ட கண் கலங்கினதோட அது சுகமாயிட்டா?"

"மருந்து போடுறானாம். ஆறும், இன்ஷா அல்லாஹ்."

"ஆறினப்பொறகு கை குடுக்க வச்சிருக்கலாமே. என்ன அவசரம்? சார்ஜனுக்குக் கலியாணமா?"

அவர் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றப் போனார். நஃபீஸா இப்படிக் கதைப்பது அவருக்குப் பழக்கம்.

காது ஆறவில்லை. அந்தப் பக்கமாக வந்த லொறியின் ஹோன் கேட்காமல் ஒருநாள் ரிஃபாஸின் வண்டியில் பாதி நசுங்கியது. ஆள் தப்பிவிட்டான். மிச்சத்தை விற்றுவிட்டு உப்பளத்தில் வேலைக்குப் போனான். இது ஹயாத்து முகம்மதுவுக்குத் தெரியாமல் நடக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் சொன்னார்கள். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில், "உப்பு வாருறதும் நல்ல தொழில்தான்" என்று, யாரும் ஒன்றும் கேட்காமலே சொன்னார். நஃபீஸா கட்டிலிலிருந்து அவரையே பார்த்தார். அவர் மீன் முள்ளைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் இனாஸ் முறைப்பாட்டோடு வீட்டுக்கு வந்தான். எலுவன்குளத்தில் வயல் செய்கிறவன். லாண்ட்மாஸ்டர் கை டிராக்டரில் விறகு ஏற்றி வந்தபோது அதே காவலரணில் மறித்திருக்கிறார்கள். அதே சார்ஜன், அதே விரித்த கை. தலையைச் சுற்றிக் காதை மூடிக் கட்டுப் போட்டிருந்தான்.

"இருங்க மவன். தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்போம்" என்றார் ஹயாத்து முகம்மது.

இனாஸ் உட்காரவில்லை. "தேத்தண்ணி வேணாம் ஹாஜியார். அது கிடைக்கும் எண்டு அவர் முன்னுக்கே சொல்லிட்டாரு."

"யாரு?"

"சார்ஜன்தான். அடிச்சிப்போட்டுச் சிரிக்கிறாரு. 'ஹயாத்து ஹாஜியார்ட்டப் போய்ச் சொல்லு, அவர் தேத்தண்ணி தருவாரு. வெள்ளிக்கிழம நான் பிஸ்கட் கொண்டு வாறன். கிரீம் போட்டதா, வெறும் மாரியா, எது விருப்பம் எண்டு இப்பவே சொல்லு' எண்டாரு."

பக்கத்து அறையில் நான் நஃபீஸாவைப் புரட்டி முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். முன்னறையில் கதிரையொன்று இழுபட்டது. பிறகு ஹயாத்து முகம்மதுவின் குரல் கேட்டது. "உக்காருங்க மவன். நடந்ததச் சொல்லுங்க. முதல்ல இருந்து." வேறு ஒன்றும் பேசாமல் கேட்டார். யார் பிழை என்ற பேச்சை அவர் எடுக்கவிட்டது, எனக்குத் தெரிய, அதுதான் முதல் தடவை.

இனாஸின் முறைப்பாட்டை மூடாமல் விசாரணைக்கே அனுப்பினார். ஆனால் மனிதர் சாப்பிடவில்லை. பள்ளிவாசலுக்குப் போனால் கடைசி வரிசையில் நின்று, எல்லாரும் எழுமுன் வெளியேறி வந்தார். கடைப் பின்பக்கத்தில் யாரோ காணிப் பிரச்சினையோடு காத்திருந்தபோது, உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். உடம்பும் சரியில்லைதான். இரத்த அழுத்தத்தை அளந்தவள் நான்.

"மாத்திரை போடுறீங்களா, இல்லையா?" என்று கேட்டேன்.

"போடுறேன் ராத்தா."

போடவில்லை. பட்டையை எண்ணிப் பார்த்தால் தெரியாதா?

ஒருநாள் கொழும்பிலிருந்து அனுஷ்கா அழைத்தாள். சபையில் தமிழ் முறைப்பாடுகளைப் பார்க்கும் உத்தியோகத்தர். சிங்களப் பிள்ளை, தமிழ் சரளமாகப் பேசுவாள். ஹயாத்து முகம்மதுவுக்குப் போனைக் காதில் வைக்கும் பழக்கம் கிடையாது. ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துத்தான் பேசுவார். அதனால் வீடு முழுவதும் கேட்டது.

"இனாஸ்ட விஷயத்த எடுத்திருக்கம் ஹாஜியார். ஆனா அந்த சார்ஜனுக்கு எதிரா இதுக்கு முன்ன ஒண்டுமே இல்லையே. பேர் சுத்தமா இரிக்கு. முதல் தடவ எண்டா எச்சரிச்சி விட்டுருவாங்க."

"முதல் தடவ இல்ல மிஸ். ரிஃபாஸ்ட இரிக்கே."

"அது இணக்கம்தானே? இணக்கமா முடிஞ்சா அவர்ட பேர்ல நிக்காது. நீங்கதானே முடிச்சீங்க?"

"அதத் திரும்பத் தொறக்க ஏலாதா?"

"ரிஃபாஸ் கேட்டா ஏலும். நீங்க கேட்டா ஏலாது." அதோடு அவள் நிறுத்தவில்லை. குரல் மலர்ந்தது. "மத்தது ஹாஜியார், சபையின்ட விதிகள மாத்தப் போறம். புத்தளத்தில மக்கள்ட கருத்துக் கேக்கக் கூட்டம் வைக்கிறம். நீங்க பேசணும். உங்கட மாவட்டம்தான் மத்த மாவட்டங்களுக்கு மாதிரி எண்டு தலைவர் சொல்றாரு."

போன் அணைந்தது. 

"மாலையும் போடுவாங்க" என்றார் நஃபீஸா கட்டிலிலிருந்து. "கழுத்த நல்லாக் கழுவிட்டுப் போங்க."

ரிஃபாஸ் திரும்பக் கேட்டால் அவனுடைய முறைப்பாடு உயிர்க்கும். அது உயிர்த்தால் சார்ஜனின் பெயரில் முன்குற்றம் நிற்கும், இனாஸுக்கு நியாயம் கிடைக்க வழி பிறக்கும். கிடைக்காவிட்டால் மூன்றாவது காது ஒன்று கிழியும். இதை யோசித்துப் பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை. ரிஃபாஸிடம் போய்க் கேட்பது என்று ஹயாத்து முகம்மது தீர்மானித்தார். ஆனால் புறப்படாமல் நாட்களைக் கடத்தினார். நஃபீஸாதான் துரத்தினார்.

"ராத்தா, நீங்களும் கூடப் போங்க. வழியில விழுந்தா தூக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்."

ரிஃபாஸின் வீடு களப்போரம், கடலேரிக் கரையில். வாசலில் அவனுடைய மனைவி ரம்ஸியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் சலாம் சொன்னாள். சொன்ன விதத்திலேயே எங்களுக்கு அங்கே என்ன இடம் என்று தெரிந்தது.

"வாங்க ஹாஜியார். இண்டைக்கு யார்ட கையப் புடிச்சி யார்ட கையில வைக்கப்போறீங்க?"

"சும்மா இரி ரம்ஸியா" என்று உள்ளேயிருந்து ரிஃபாஸ் வந்தான். உப்புத் தண்ணீரில் நின்று நின்று குதிகால் வெடித்திருந்தது. கதிரையைத் திருப்பிப் போட்டு, வலது பக்கம் எங்களை நோக்கும்படி உட்கார்ந்தான்.

"காது எப்பிடி மவன்?"

"அது பாட்டுக்கு இரிக்கி ஹாஜியார். அந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்தா இவள்ட ஏச்சுக் கேக்காது. அதுவும் அல்லாஹ்ட றஹ்மத்துதான்."

அவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"ஒண்டு கேக்கணும் மவன். அண்டைக்கு நீ கை குடுத்தது மனசாலதானே?"

ரிஃபாஸ் தரையைப் பார்த்தான். "என்னத்துக்கு இப்ப அது?"

"கேக்குறாரே, சொல்லுங்களன்" என்றாள் ரம்ஸியா.

"எங்கட வாப்பா மௌத்தானப்ப மையத்தக் குளிப்பாட்டினது நீங்க ஹாஜியார். எங்கட நிக்காஹ்வுக்குச் சாட்சி நீங்க. நீங்க வாசல்ல வந்து நிண்டு 'மன்னிச்சிரு மவன்' எண்டா நான் என்ன சொல்ல? அந்தாளுக்கா கை குடுத்தேன்? உங்கட மொகத்துக்குக் குடுத்தேன்."

"ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்கா?" என்றாள் ரம்ஸியா. "இந்த ஊர்ல ஒருத்தராவது உங்களுக்கு ஏலாது எண்டு சொல்லியிரிக்காங்களா? ஒரு ஆளக் காட்டுங்க பாப்பம்."

அவருக்கு வேர்த்தது. எழுந்துவிடுவாரோ மயங்கிவிடுவாரோ என்று நான் கதிரை நுனிக்கு வந்தேன். அவர் தொண்டையைச் செருமி வாய் திறந்தார். ரிஃபாஸ் முந்திக்கொண்டான்.

"இனாஸ்ட கதை கேள்விப்பட்டேன். அதுக்குத்தானே வந்தீங்க? திரும்பத் தொறக்கச் சொல்லத்தானே? கேளுங்க. நீங்க கேட்டா நான் ஓம் எண்டுதான் சொல்லுவேன். அண்டைக்கும் ஓம், இண்டைக்கும் ஓம். என்ன வித்தியாசம்?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சோர்ந்துபோய்ச் சொன்னான். அதுதான் ஹயாத்து முகம்மதுவைத் தாக்கியது என்று நினைக்கிறேன். அவர் எழுந்து நின்றார். கை கொடுக்க வழக்கம்போல் முன்னே போன வலது கையைப் பாதியில் மடக்கிக்கொண்டார்.

"நான் ஒண்டும் கேக்கல்ல மவன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ஓட்டோவில் திரும்பினோம். புத்தளம் சந்தியைத் தாண்டிய பிறகு, "ராத்தா, மத்தவங்களும் இப்பிடித்தானா?" என்றார். மூடிய மற்ற முறைப்பாடுகளைச் சொன்னார். மீன் விற்கிற பெண் ஒருத்தி. மத்ரஸா வேன் ஓட்டுகிறவன். கற்பிட்டியில் ஒரு வலைக்காரன். ஒவ்வொரு வீடாக வந்தது. யார் வீட்டில் என்ன குடித்தார் என்பதுகூட நினைவிருந்தது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது ஒன்றும் நினைவில்லை. அவர்கள் பேசியதே குறைவு.

"மாத்திரையப் போடுங்க" என்று தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். அன்று போட்டார்.

கூட்டத்துக்கு நஃபீஸாவும் வந்தார். உருளைக் கதிரையை ஏற்ற இறக்க நான் பட்ட பாட்டைச் சொல்லப் புகுந்தால் கதை வேறு பக்கம் போய்விடும். "கழுத்தில மாலை விழுறத நான் பாக்க வேணாமா?" என்று அடம் பிடித்தார். மண்டபம் நிறைந்திருந்தது. வியாபாரிகள், பள்ளிவாசல் நிர்வாகிகள், சட்டத்தரணிகள், பின்வரிசையில் சில பொலிஸ்காரர்கள். சபையின் தலைவர் சிங்களத்தில் பேச அனுஷ்கா தமிழாக்கினாள். புத்தளத்தைப் பாருங்கள், பேசித் தீர்க்கிறார்கள், வழக்கும் இல்லை, பகையும் இல்லை என்று தலைவர் புகழ்ந்தார். ஹயாத்து முகம்மதுவை அழைத்தார்கள். மாலை உண்மையாகவே வந்தது. அவர் அதைக் கையில் வாங்கி மேசையில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இந்த மாவட்டத்த மாதிரியா எடுக்க வேணாம்" என்றார்.

அனுஷ்கா மொழிபெயர்க்கத் தொடங்கி நின்றுவிட்டாள்.

"நான் மூடின முறைப்பாடெல்லாம் ஆக்கள்ட வீட்டுக்குப் போய் மூடினது. எனக்கு ஏலாது எண்டு சொல்ல அவங்களால முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் போனேன். அது தெரிஞ்சதாலதான் அவ்வளவு சுகமா முடிஞ்சிச்சி. ரெண்டு ஆளுக்கு இடையில செய்யிற சமாதானம் வேற. பொலிஸ் உடுப்புப் போட்டவர் அடிச்சா அதுக்கு விசாரணதான். எனக்கு அது விளங்காம இல்ல. விளங்க விருப்பமில்ல. ஊர்ல பேர் கிடைச்சிச்சி, கொழும்பிலயும் பேர் கிடைச்சிச்சி. அடிச்ச ஆள்ட பேரக் கழுவிக் குடுத்தது நான்தான். அதால இன்னொருத்தனுக்கு அடி விழுந்திரிக்கி."

முன்வரிசையிலிருந்து பள்ளிவாசல் நிர்வாகி நெய்னார் எழுந்தார். இருவரும் ஒரே முகாமில் இருந்தவர்கள். "போதும் ஹயாத்து! பொலிஸ் ஆக்களுக்கு முன்னால ஊர்ட மானத்த வாங்காத."

"மானம் என்ட, நெய்னார். காது அவங்கட."

பிறகு மேடைப் பக்கம் திரும்பினார். "எனக்கு எதிரா ஒரு முறைப்பாடு குடுக்கணும். யார்ட்டக் குடுக்க?"

தலைவரும் அனுஷ்காவும் குனிந்து பேசினார்கள். பக்கத்தில் இருந்த ஒருவரும் சேர்ந்துகொண்டார். அனுஷ்கா நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. "அங்கத்தவருக்கு எதிரா முறைப்பாடு எடுக்க எங்கட்ட விதி இல்ல, ஹாஜியார்."

பின்வரிசையில் ஒரு பொலிஸ்காரர் சிரித்தார். நஃபீஸாவின் குரல் நோயால் எப்போதும் நடுங்கும். ஆனால் அன்று மண்டபத்தின் கடைசி வரைக்கும் போனது.

"பொலிசப் பாக்க உங்களப் போட்டாங்க. உங்களப் பாக்க ஒருத்தரையும் போடல்லயா?"

அனுஷ்கா அதை மொழிபெயர்க்கவில்லை. தலைவர் அவளிடம் கேட்டார். அவள் சொன்னாள். அவர் பேனாவை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். விதிகள் மாறின, மெதுவாக. அங்கத்தவர் முறைப்பாட்டாளரின் வீட்டுக்குப் போகக் கூடாது. ஒரே ஊர்க்காரர், தெரிந்தவர் என்றால் ஒதுங்கிவிட வேண்டும். விசாரணை முடியுமுன் இணக்கம் என்ற பேச்சே கூடாது, இணங்கினாலும் அது உத்தியோகத்தரின் பெயரில் நிற்கும். அங்கத்தவர்மீதும் முறையிடலாம். ஹயாத்து முகம்மது மூடியவற்றை மட்டும், ஊர் முகம் தெரியாத வெளிமாவட்ட உத்தியோகத்தர் ஒருவர் அந்தந்த ஆட்களைத் தனியாக அழைத்துக் கேட்பதென்று ஏற்பாடானது. விசாரணை முடியும்வரை இவரைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

ஊர் அவரை மெச்சவில்லை. நெய்னார் சலாமுக்குப் பதில் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார். மீன்காரப் பெண், பழசைக் கிளறி விட்டாரே என்று கடை வாசலில் வந்து ஏசினாள். அவளுடைய மகன் மறுபடி அந்த வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும். அவள் ஏசியதில் நியாயம் இருந்தது. பின்பக்கத்துக் கதிரைகளை மடித்து அடுக்க முடியாது என்பதால் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்கிறார்கள். இவருக்குக் குறையவில்லை. கருவி வைத்து அளந்து பார்த்தே சொல்கிறேன்.

"ரிஃபாஸ் போவானா?" என்று சில நாள் நஃபீஸாவிடம் கேட்பார்.

"அவன்ட்டயே கேளுங்களன்."

"கேக்கக் கூடாதே."

"அப்ப என்ட்டயும் கேக்காதீங்க. நான் என்ன அவன்ட உம்மாவா?"

ஒருநாள் அவருக்கு அழைப்பு வந்தது. நகரில் ஓர் அரச கட்டிடத்தின் மாடியில் விசாரணை. படியேற வேண்டுமென்பதால் நானும் போனேன். நடையில் உட்கார வாங்குகள் போட்டிருந்தன. அவற்றில் ஒன்றில் ரிஃபாஸும் ரம்ஸியாவும் இருந்தார்கள். ரம்ஸியாவின் மடியில் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டுகள்.

அவன் வருவதாக ஹயாத்து முகம்மதுவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கண்டதும் கால் தானாக அந்தப் பக்கம் போனது. வாசலில் நின்ற உத்தியோகத்தர் கையை நீட்டி மறித்தார். "ஐயா, நீங்க மத்தப் பக்கம் இருங்க. அவரோட கதைக்க ஏலாது."

"சலாம் மட்டும்..."

"அதுவும் இப்ப வேணாம் ஐயா."

மற்றப் பக்கம் வந்து உட்கார்ந்தார். நான் நாடியைப் பிடித்தேன். வேகமாக அடித்தது. உள்ளேயிருந்து ரிஃபாஸின் பெயரைக் கூப்பிட்டார்கள். கதவு அவனுடைய இடது பக்கம் இருந்தது. அவனுக்குக் கேட்கவில்லை. ஹயாத்து முகம்மது பாதி எழுந்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். ரம்ஸியா தோளைத் தொட, ரிஃபாஸ் எழுந்து உள்ளே போனான். கதவு சாத்தப்பட்டது.

நெடுநேரம் கழித்து அவன் வந்து எங்களைப் பார்க்காமலே படியிறங்கினான். பிறகு இவரைக் கூப்பிட்டார்கள். என்னை உள்ளே விடவில்லை. அவர் வீட்டுக்கு வந்து நஃபீஸாவிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

"ரிஃபாஸ் விருப்பத்தோட கை குடுத்தாரா எண்டு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவன் குடுக்கல்ல, நான்தான் எடுத்தேன் எண்டேன். எழுதிக்கிட்டாங்க."

"தொறப்பாங்களா?"

"தொறந்தாச்சி. அவனே கேட்டானாம். சார்ஜன வேலையில இருந்து நிப்பாட்டியிரிக்காங்க, ரெண்டு பேர்ட முறைப்பாட்டையும் ஒண்டா எடுக்குறாங்க."

நஃபீஸா முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார். "உங்களோட கதைச்சானா?"

"இல்ல."

"ஏசினானா?"

"பாக்கவே இல்ல நஃபீஸா. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"அதுவும் உங்களுக்குத்தான் நல்லா இருந்திருக்கும்" என்றார் நஃபீஸா. "அவனுக்கு அதால என்ன?"

 நஃபீஸாவைப் புரட்டும் நேரமாகியிருந்தது. தோள் பக்கத்தை நான் பிடித்தேன். ஹயாத்து முகம்மது எழுந்து வந்து கால் பக்கத்தைப் பிடித்தார்.